கெய்ரோவும் ராட்டர்டாமும்

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். வெறுங்காலில் பாத்தி வரப்பில் நடந்து வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, 'கூழாங்கல்' படம் என்னை அப்படி உலுக்கியது. மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலம், குடிகாரத் தகப்பன், பள்ளிச் சிறுவன், கொதிக்கும் பாதை. அவ்வளவுதான் படம். 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழா நடுவர்கள் அதற்கு டைகர் விருதைக் கொடுத்தார்கள். வளரும் இயக்குநர்களுக்கான அந்த விருது, பி.எஸ்.வினோத்ராஜுக்கு முதல் படத்திலேயே கிடைத்தது.

வெளிநாட்டு விழா இருக்கட்டும்; நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952இல் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அதில் போட்டி கிடையாது. 1965இல்தான் போட்டி வந்தது. நடுவர் குழுத் தலைவர் சத்யஜித் ராய்.

அதற்கு முன்பே தமிழ்ப்படம் வெளிநாட்டில் வென்றுவிட்டது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' விருது பெற்றது. சிவாஜி கணேசன் சிறந்த நடிகர், ஜி.ராமநாதன் சிறந்த இசையமைப்பாளர். பி.ஆர்.பந்துலு எடுத்த பிரம்மாண்ட வண்ணப்படம் அது. நட்சத்திரமே இல்லாமல் வென்ற 'கூழாங்கல்'லை நான் அதற்கும் ஒருபடி மேலே வைப்பேன்.

மரக்காணத்துப் பிள்ளைகளே, விழா பார்க்கக் கெய்ரோவுக்கும் ராட்டர்டாமுக்கும் போக வேண்டாம்; பக்கத்துப் புதுச்சேரியில் அரசே திரைப்பட விழா நடத்தி, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறது. அடுத்த முறை பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.