படைவிலகிய சிப்பாயும் ஆட்சேர்ப்பாளரும்

அமெரிக்க இராணுவத்தில் நான்காண்டுகள் கடமையாற்றி வீடு திரும்பும் சிப்பாய், தமது கடப்பாடு தீர்ந்ததென எண்ணுவது இயல்பே. ஆனால், அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் பொதுவாக எட்டு ஆண்டுகளுக்குரியதாகும். எஞ்சிய காலத்தில் அவர் சம்பளமோ மாதாந்தப் பயிற்சியோ அற்ற ஒதுக்குப்படைப் பட்டியலில் இருப்பார். தேவையேற்படின் மீண்டும் அழைக்கப்படலாம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது, 2004 ஜூன் மாதத்தில், இவ்வாறானோரில் சுமார் 5,600 பேர் அழைக்கப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இந்த அச்சமே சில ஆட்சேர்ப்பாளர்களுக்கு வாய்ப்பாகிவிடுகின்றது. மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரு வாரங்களும் பயிற்சி பெறும் ஒதுக்குப்படை அணியொன்றில் சேர்ந்துவிட்டால் போர்முனைக்குச் செல்லாமல் தப்பலாம் என அவர்கள் ஆசை காட்டுவதுண்டு. அத்தகைய அணிகளே ஈராக்கிற்குப் பெருமளவில் அனுப்பப்பட்டன என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை! யாரை அழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் ஆட்சேர்ப்பாளருக்கு இல்லை.

சம்பளத்திற்காகவோ கல்விச் சலுகைக்காகவோ விரும்பிச் சேர்வோரை நாம் குறைகூறவில்லை. எனினும், எழுத்தில் இல்லாத வாக்குறுதி செல்லாது என அந்த ஒப்பந்தப் படிவமே கூறுகின்றது. கடப்பாடு முடிவுறும் திகதியும் படைவிலகற் பத்திரத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. தொலைபேசியில் பதிலளிக்க முன்னர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திகதியையே.