குருதியோட்டப் பாக்டீரியத் தொற்று: நிர்ணயமும் சிகிச்சையும்

மனித இரத்தம் இயல்பாகக் கிருமியற்றது. பல் துலக்கும்போதுகூடச் சில பாக்டீரியாக்கள் அதில் புகுவதுண்டாயினும், கல்லீரலும் மண்ணீரலும் அவற்றை விரைவிலேயே வடித்து ஒழித்துவிடுகின்றன. அவ்வாறு ஒழியாமல், ஆறாத புண்ணிலிருந்தோ, சிறுநீரகத்திலிருந்தோ, நுரையீரலிலிருந்தோ, இரத்தநாளத்தில் செருகிய குழாயிலிருந்தோ கிருமிகள் வந்து சேர்ந்து உடல் முழுவதையும் பீடிக்கும் நிலையே குருதியோட்டத் தொற்று எனப்படும். இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சியின் சரித்திரம் நெடுகிலும் ஒரே சங்கடம் நிலவி வந்திருக்கிறது: கிருமி இன்னதென்று பரிசோதனைச்சாலை சொல்வதற்குள் நோயாளி இறந்துபோகக்கூடும், ஆகவே விடை தெரியுமுன்பே வைத்தியர் மருந்தைத் தொடங்கியாக வேண்டும்.

இந்நோய் விஞ்ஞானிகளின் கவனத்துக்கு வந்தது பெரும்பாலும் பிரசவ ஜுரத்தின் வாயிலாகவே. வியன்னா பொது மருத்துவமனையில் பணிபுரிந்த ஹங்கேரிய வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847ஆம் ஆண்டில், பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனுடைய கத்தி விரலில் பட்டு ஜுரங்கண்டு மாண்ட தம் நண்பர் கொல்லெட்ஷ்காவின் உடலிற் காணப்பட்ட மாறுதல்கள் பிரசவ ஜுரத்தால் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தமை கண்டு, பிணத்தை அறுத்த கையோடு பிரசவ விடுதிக்குள் நுழையும் வைத்தியர்களே நோயைக் கொண்டுபோகிறார்கள் என்ற துணிவுக்கு வந்தார். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டுமென அவர் விதித்த பின், ஏப்ரலில் 18 சதவிகிதத்துக்கு மேலிருந்த மரணம் ஜூனில் 2 சதவிகிதத்தை ஒட்டி இறங்கிற்று. ஆயினும், தம் கையே எமனாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள அக்காலத்து வைத்தியப் பெரியோர்களில் பலருக்கு மனம் வரவில்லை.

காரணத்தைக் கண்ணாற் காட்டியவர் லூயி பாஸ்டர். 1879இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில், பிரசவ ஜுரத்துக்குக் கிருமி காரணமன்று என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் அவர் குறுக்கிட்டு, அத்தாய்மாரிடம் தாம் கண்ட கிருமியின் சங்கிலி வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாராம். அதுவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஆபர்டீன் நகரத்து அறுவை வைத்தியர் ஆக்ஸ்டன், சீழ்க்கட்டிகளிற் கொத்துக்கொத்தாகக் கண்ட மற்றொரு கிருமிக்கு 1882இல் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். பின்னர் ஜெர்மானிய வைத்தியர் ஷாட்முல்லர் 1914இல், உடலினுள் ஒரு மூலஸ்தானம் இருந்து, அதிலிருந்து கிருமிகள் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இரத்தத்திற் கலந்து நோயை விளைவிப்பதே செப்சிஸ் என்று வரையறுத்தார். மூலத்தைத் தேடி அகற்றாமல் மருந்தை மட்டும் நம்புவது வீண் என்னும் இன்றைய விதியின் வித்து அவ்வரையறையிலேயே இருக்கிறது.

நோயை நிர்ணயிக்கும் தலையாய பரிசோதனை, ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் பிளட் கல்ச்சர் என்று குறிப்பிடும் இரத்த வளர்ப்புச் சோதனையே. பார்வைக்கு எளிதாயினும் இதில் நுட்பங்கள் பல. வயது வந்த நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்திற் பல சமயம் ஒரு கிருமிகூட இராது. ஆகையால் சோதனையின் பலன், எடுக்கும் இரத்தத்தின் அளவைப் பொறுத்ததாகிறது. தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்து உலரவிட்டு, புட்டியின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைத்து, புட்டிக்குப் பத்து மில்லிலிட்டர் வீதம் பிராணவாயு உள்ள புட்டி ஒன்றிலும் இல்லாத புட்டி ஒன்றிலும் செலுத்தி, இவ்விதமே வேறோர் இடத்திலும் குத்தி எடுப்பது முறை. ஒரே இடத்தில் எடுத்த ஒரு புட்டியில் மட்டும் தோலில் வாழும் சாதுவான கிருமி வளர்ந்தால், அது நோயா அன்றி எடுத்தவரின் அஜாக்கிரதையா என்று பிரித்தறிய இயலாமல், அவசியமில்லாத மருந்து நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். அவசரத்தில் அரைப் புட்டி இரத்தத்தோடு திருப்தியடையும் பழக்கம் இன்னும் நம்மிடையே மறையவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் புட்டி கலங்குகிறதா என்று நாள்தோறும் கண்ணால் பார்த்தே முடிவு சொன்னார்கள். 1970களில், வளரும் கிருமி வெளிவிடும் கதிரியக்கக் கரியமிலவாயுவை அளக்கும் பாக்டெக் என்னும் யந்திரம் வந்தது. 1990இல், புட்டியின் அடியிலுள்ள உணரி நிறம் மாறுவதை இடையறாது கவனிக்கும் முறை பிரசுரமாயிற்று. இப்போது ஐந்து நாள் வைத்திருந்தாலும், பெரும்பாலான புட்டிகள் முதலிரண்டு நாட்களுக்குள்ளேயே எச்சரித்துவிடுகின்றன.

சிகிச்சையின் சரித்திரம் 1935இல் திரும்புகிறது. ஜெர்மனியின் டோமாக் வெளியிட்ட பிரான்டோசில் என்னும் சிவப்பு மருந்தை, லண்டன் குயின் ஷார்லட் மருத்துவமனையில் கோல்புரூக் மறு ஆண்டில் பிரசவ ஜுரங்கண்ட 38 பெண்களுக்குக் கொடுத்தபோது, முன்பு நால்வரில் ஒருவரைக் கொண்டுபோன நோய் மூவரை மட்டுமே கொண்டுபோயிற்று. ஸ்டஃபிலோகாக்கஸோ இவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 1941இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஸ்கின்னரும் கீஃபரும் ஆராய்ந்த 122 நோயாளிகளில் 82 சதவிகிதத்தினர் இறந்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு காவலருக்குப் பென்சிலின் ஏற்றப்பட்டது. கையிருப்பு மிகக் குறைவாதலால், அவரது சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் செலுத்தினார்கள். ஜுரம் தணிந்து பசியும் எடுத்தது. ஆனால் சில நாட்களில் மருந்து தீர்ந்துபோகவே நோய் திரும்பி, மார்ச் 15இல் அவர் காலமானார்.

பிற்பாடு ஆஸ்பத்திரிகளிற் குழாய்களும் பெரிய அறுவைகளும் பெருகப் பெருக, ஈ.கோலை, க்ளெப்சியெல்லா முதலிய கிராம்-நெகடிவ் கிருமிகள் முன்னணிக்கு வந்தன. இவற்றால் விளையும் அதிர்ச்சி நிலையைக் கட்டுப்படுத்தக் கோடிக்கணக்கில் செலவிட்ட முயற்சிகள் ஏராளம். 2001இல் பிரசுரமான ஆராய்ச்சியொன்றில் மரணத்தை 30.8இலிருந்து 24.7 சதவிகிதமாகக் குறைத்ததாகக் கொண்டாடப்பட்ட செயலூக்கப் புரதம்-சி என்னும் மருந்து, மறு ஆராய்ச்சியில் பயனற்றதெனக் கண்டு 2011இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இவற்றையெல்லாம்விட நிலைத்து நின்றது, கனடாவின் ஆனந்த் குமாரும் தோழர்களும் 2006இல் பழைய மருத்துவக் குறிப்புகளை அலசிச் சொன்ன செய்தியே: இரத்த அழுத்தம் வீழ்ந்த பின் முதல் ஆறு மணி நேரத்தில், தக்க மருந்து தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பிழைப்போர் விகிதம் சராசரி 7.6 சதவிகிதம் குறைந்தது. இது பரிசோதனையன்று, பதிவுகளின் ஆய்வே. ஆயினும் அவசரப் பிரிவுகளின் நடைமுறையை அது மாற்றியதை மறுக்க முடியாது.

மணி பார்த்துக் கொடுக்கும் மருந்து எது என்பதே அடுத்த கேள்வி. செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத கிருமி இரத்தத்திற் புகுந்தவர்களை ஆராய்ந்த மெரினோ பரிசோதனையில் (2018), பிப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவிகிதமும் மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவிகிதமும் முப்பது நாட்களுக்குள் இறந்தனர். மெரோபெனத்தையும் பயனற்றதாக்கும் என்.டி.எம்-1 என்னும் நொதியமோ அதற்கு முன்பே தோன்றிவிட்டது. சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் அது பரவியிருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரை முதலாசிரியராகக் கொண்ட கட்டுரை 2010இல் உலகுக்கு அறிவித்தது. சிறுநீரகத்தைக் கெடுக்குமென்று ஒதுக்கிவைத்திருந்த கொலிஸ்டினை வைத்தியர்கள் மீண்டும் தேடி எடுக்க நேர்ந்தது.

மருந்தை எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை நெடுங்காலம் எவரும் முறையாகக் கேட்கவில்லை. பதினான்கு நாள் என்பது சாஸ்திரமாகவன்றிச் சம்பிரதாயமாகவே நின்றது. ஏழு நாட் சிகிச்சை போதுமா என்று இஸ்ரேலிலும் இத்தாலியிலும் 604 நோயாளிகளிடம் ஆராய்ந்த முடிவு 2019இல் வெளிவந்தது. பின்னர் ஏழு நாடுகளில் 3,608 பேரை உட்படுத்திய பாலன்ஸ் பரிசோதனையில், தொண்ணூறு நாள் மரணம் ஏழு நாள் பெற்றவர்களிடம் 14.5 சதவிகிதமும் பதினான்கு நாள் பெற்றவர்களிடம் 16.1 சதவிகிதமுமாக இருக்கக் கண்டு, குறுகிய சிகிச்சை சோடை போவதில்லை என்று உறுதிப்பட்டது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அப்பரிசோதனையிற் சேர்க்கப்படவில்லை. இதயத்தின் வால்வுகளிலும் முதுகெலும்பிலும் ஒளிந்துகொள்ளும் இயல்புடைய இக்கிருமிக்குக் கூடுதலாக ரிஃபாம்பிசின் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில், 758 நோயாளிகளிடம் ஒட்டுமொத்தமாக எவ்விதப் பயனும் தென்படவில்லை. ஆதலால், இதயத்தை எக்கோ கருவியால் நோக்கி, குழாய் இருந்தால் அகற்றி, சீழ் இருந்தால் வடித்து, இரத்தம் கிருமியற்றதாகும் வரை கல்ச்சரைத் திரும்பத் திரும்ப எடுத்து, சிக்கலற்ற நோய்க்குக் குறைந்தது பதினான்கு நாளும் சிக்கலுள்ள நோய்க்கு நான்கு முதல் ஆறு வாரமும் மருந்து கொடுப்பதே இன்றும் வழக்கு. அந்நாட்கணக்கும் மருந்து தொடங்கிய நாளிலிருந்தன்று, கிருமி வளராத முதல் கல்ச்சரை எடுத்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.