ஸ்பீடி: ஒரு வழக்கோடு மூழ்கிய கப்பல்

யூனியன்வில்லில் இருந்து பேசுகிறேன். எங்கள் ரூகூட் குளத்துத் தண்ணீர் ரூஜ் ஆற்றோடு சேர்ந்து ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகிறது. அந்த ஏரியில் 220 வருடங்களுக்கு முன் காணாமற்போன ஒரு மரக்கப்பலைப் பற்றித்தான் இன்று கதைக்கப்போகிறேன்.

கப்பலின் பெயர் ஸ்பீடி. இரண்டு பாய்மரம் கொண்ட அரசாங்கக் கப்பல். 1798இல் கிங்ஸ்ரனில், காயாத பச்சை மரத்தில் கட்டினார்கள். ஆறே வருடத்தில் உளுத்துப்போனது. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணியைக் கட்டிய வல்வெட்டித்துறைக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்திருப்பார்கள்.

அந்தக் கப்பலை ஓட்டவைத்தது ஒரு கொலை வழக்கு. ஸ்கூகொக் ஏரிப் பக்கத்தில் ஜோன் ஷார்ப் என்ற வெள்ளை வியாபாரி கொல்லப்பட்டார். ஒகெற்றோனிகட் என்ற ஒஜிப்வே மனிதர் பிடிபட்டார். அவருடைய உறவினர் ஒருவரை அதற்கு முன்பே ஒரு வெள்ளையர் கொன்றிருந்தார் என்றும், நீதி கிடைக்கும் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது என்றும் சொல்வார்கள். அந்தக் கொலைக்கு ஒருவரும் அசையவில்லை. இந்தக் கொலைக்கு ஒரு கப்பலே புறப்பட்டது.

கொலை நடந்த இடம் நியூகாசில் மாவட்டத்துக்குள் வருகிறது, ஆகவே விசாரணையும் அங்கேதான் நடக்கவேண்டும் என்பது சட்டம். யோர்க்கில் இருந்து, அதாவது இன்றைய ரொறன்ரோவில் இருந்து, கரையோரமாகச் சுமார் 150 கிலோமீற்றர் கிழக்கே பிரெஸ்கீல் முனைக்குப் போகவேண்டும். கப்ரன் தோமஸ் பாக்ஸ்ரன் தயங்கினாராம். துணை ஆளுநர் பீற்றர் ஹன்ரர் விடவில்லை. 1804 ஒக்ரோபர் 7ஆம் திகதி கப்பல் கிளம்பியது. நீதிபதி தோமஸ் கொக்ரேன், அரசு வழக்கறிஞர் ரொபேர்ட் கிறே, எதிரிக்காக வாதாட வந்த அங்கஸ் மக்டொனெல், விலங்கோடு எதிரி, சாட்சிகள், மாலுமிகள் என்று ஏறக்குறைய 20 பேர். ஒரு நீதிமன்றமே மிதந்து போனது என்று சொல்லலாம். ஷார்ப்பின் முதலாளிகளான ஃபேர்வெல் சகோதரர்கள் மட்டும் இந்தக் கப்பலில் ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டு, தங்கள் சிறு வள்ளத்தில் கரையோரமாகப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

8ஆம் திகதி மாலை பெரும் புயல். முனையில் தீ மூட்டி வழிகாட்டிப் பார்த்தார்கள். கப்பல் வரவில்லை. ஒருவரும் தப்பவில்லை. நியூகாசில் நகரத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஒகெற்றோனிகட் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

பயணிகளின் பட்டியலில் நான் அதிக நேரம் நின்றது சைமன் பேக்கர் என்ற பெயரில். கிறேயின் அடிமை, எசமானோடு கப்பலில் ஏறியவர். மேல் கனடா 1793இலேயே புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்திருந்தது. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களை அது விடுவிக்கவில்லை. கிறே தன் உயிலில் சைமனின் தாய் டொரிண்டாவையும் அவருடைய எல்லாப் பிள்ளைகளையும் விடுதலை செய்திருந்தார். சைமனுக்கும் தம்பி ஜோனுக்கும் ஆளுக்கு 200 ஏக்கர் நிலமும் எழுதிவைத்திருந்தார். உயில் நடைமுறைக்கு வரவேண்டுமானால் கிறே இறக்கவேண்டும். கிறே இறந்தார், டொரிண்டாவுக்கு விடுதலை கிடைத்தது. ஜோன் 1871 வரை வாழ்ந்தார். சைமன் அந்தக் கப்பலிலேயே போய்விட்டார்.