கொலராடோ: காகிதத்தில் ஓடிய தண்ணீர்

இன்னும் முப்பது வருஷத்துல ஒரு ஆத்துல மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு தண்ணி வேணும்? கேட்க எளிமையான கேள்வி. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் படுகையில் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்க. அந்தக் கதை கொஞ்சம் சிரிப்பு, நிறைய வருத்தம்.

முதல்ல வரவுக் கணக்கு. 1922-இல் ஏழு மாநிலங்கள் ஆற்றைப் பங்கு போட்டன. மேல் படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப் படுகைக்கு 75 லட்சம். 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். காவிரிச் செய்தி படிச்சுப் பழகின நமக்கு டிஎம்சி-யில் சொன்னாத்தான் புரியும்: மொத்தம் ஏறத்தாழ 719 டிஎம்சி. ஆனா பங்கு போட்டவர்கள் பார்த்தது மழை நல்லாப் பெய்த சில வருஷங்களின் அளவை. அவ்வளவு தண்ணீர் வராதுன்னு லாரூ என்ற அரசு நீரியல் நிபுணர் 1920-களிலேயே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கல. மர வளையங்களை எண்ணி 1976-இல் வந்த ஆய்வு, நீண்ட காலச் சராசரி 588 டிஎம்சி அளவுதான் என்றது. 2000-க்குப் பிறகான சராசரி அதையும்விடக் குறைவு.

இப்போ செலவுக் கணக்குக்கு வருவோம். கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் எண்ணெய்ப் பாறை மலை மலையாக் கிடக்கு. பாறைக்குள்ள இருப்பது முழுசா எண்ணெய் ஆகாத கெரோஜன். வெட்டி எடுத்துச் சூடாக்கினாத்தான் எண்ணெய் வரும். தூசி அடக்க, சூட்டுச் சாம்பலைக் குளிர்விக்க, மின்சாரம் தயாரிக்க, புதுசா முளைக்கிற ஊர்களுக்குக் குடிக்க - எல்லாத்துக்கும் தண்ணி.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கணிப்புகள் கொட்டின. நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1980-இல் சொன்னது: ஒரு பேரல் எண்ணெய்க்கு 2.1 முதல் 5.2 பேரல் தண்ணீர். அதே வருஷம் எக்ஸான் நிறுவனம், 2010-க்குள் எண்ணெய்ப் பாறையிலிருந்து தினமும் 80 லட்சம் பேரல் எடுக்கலாம் என்றது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன். வருஷத்துக்கு 34 முதல் 85 டிஎம்சி! மெக்சிகோவின் பங்கே 65 தான். தண்ணி பத்தாட்டி மிசௌரி ஆற்றுப் படுகையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டு வரலாம்னு யோசனை வேற :-)

1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கச்சா எண்ணெய் விலை இறங்க, திட்டச் செலவு 500 கோடி டாலரைத் தாண்ட, எக்ஸான் தன் காலனி திட்டத்தை இழுத்து மூடியது. 2,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போச்சு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது 'கறுப்பு ஞாயிறு'. 2010 வந்தது, போனது. 80 லட்சம் பேரல் வரல.

சரி, கணிப்பு பொய்த்தது, தண்ணீர் மிச்சம்தானே? அங்கதான் சிக்கல். அங்கே சட்டம் 'முந்தி வந்தவனுக்கே முதல் உரிமை'. தண்ணீரை இன்னும் எடுக்கவே ஆரம்பிக்காட்டியும், எடுக்கப்போறேன்னு நிபந்தனை உரிமை வாங்கி வரிசையில் இடம் பிடிக்கலாம். கொலராடோவில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் நீதிமன்றத்தில் முயற்சி தொடருதுன்னு காட்டினால் போதும். எண்ணெய் நிறுவனங்கள் 1950-களிலேயே பிடித்த இடங்கள் இப்படித்தான் உயிரோடு இருந்தன. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்தத் துண்டுக்குப் பின்னாடி நிக்கணும். நம்ம ஊர் பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுற மாதிரியே!

வருத்தமான கதை நவாஹோ பழங்குடியினருடையது. அரிசோனாவில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிலக்கரி மின் நிலையம் வர, 1968-இல் அவர்களின் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அரிசோனாவின் மேல் படுகைப் பங்கான 50,000 ஏக்கர்-அடிக்கு மேல் கேட்க மாட்டோம். அதிலும் 34,100-ஐ மின் நிலையம் எடுத்துக்கொள்ளட்டும். வேலையும் நிலக்கரி வருமானமும் கிடைச்சது நிஜம். 2019 நவம்பரில் நிலையம் மூடப்பட்டது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் நவாஹோ நிலத்தில் இன்னும் ஏராளம்.

இதுக்கு நடுவுல ஆறே தன் கணக்கைக் காட்டியது. 2023 தொடக்கத்தில் கிளென் கேன்யன் அணையில் நீர்மட்டம், 1,320 மெகாவாட் நீர்மின் நிலையம் நின்றுபோகும் அளவுக்கு சுமார் 30 அடி மேலே வரை இறங்கியது. மின்சாரத்துக்கு எவ்வளவு தண்ணி ஒதுக்கலாம்னு ஐம்பது வருஷம் விவாதம். கடைசியில் அணை மின்சாரத்துக்கே தண்ணி பத்துமாங்கிற நிலை.

2010-இல் அரசுத் தணிக்கை அலுவலகம் மறுபடி கணக்குப் பார்த்தது. பாறையை மண்ணுக்கடியிலேயே சூடாக்கும் புது முறைக்கு, ஒரு பேரலுக்கு 1 முதல் 12 பேரல் தண்ணீராம். முப்பது வருஷ அறிவில் இடைவெளி குறையல, கூடிடுச்சு.

இதில் எனக்குப் படுவது ஒண்ணுதான். தண்ணீர்க் கணிப்பு வெறும் ஜோசியம் இல்லை. பலிக்காட்டியும் அது பிடித்த இடம் அப்படியே இருக்கும். அதனால 'இன்ன வருஷத்தில் இவ்வளவு தேவை'ன்னு யாராவது அட்டவணை நீட்டினா, எண் சரியான்னு பார்ப்பதோடு, அது யாருக்காகத் துண்டு போடுதுன்னும் பாருங்க.