கால் மைல் ஓட்டம்: காலி விமான ஓடுபாதையில் பிறந்த ஒரு தொழில்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பைக் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேரன் வில்லியனூர் வீட்டுக்கு வந்தான். இருபது வயது. வந்ததும் வராததுமாக, "தாத்தா, அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸில் ஓட்ட வேண்டுமாம். அவன் அப்பா, அதாவது என் மருமகன், விஷயம் காதில் விழுந்ததுமே வண்டிச் சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "டிராக் ரேஸ்னா என்னடா?" என்று கேட்டேன். "நேர் ரோடு தாத்தா. கால் மைல். ரெண்டு வண்டி. யார் முதல்ல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான்" என்றான்.

எதையும் தெரிந்துகொள்ளாமல் சரி என்றோ கூடாது என்றோ சொல்வது வாத்தியார் வேலை செய்தவனுக்கு அழகல்ல. ஆகவே இரண்டு மூன்று வாரம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கால் மைல் என்றால் 1,320 அடி, ஏறக்குறைய 402 மீட்டர். பள்ளி விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓடினீர்களே, அதே தூரம்தான். வளைவு கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கோட்டைத் தொடும்வரை முழு வேகம்.

இது நமக்குப் புதிதா என்று யோசித்தால், இல்லை. கொங்குப் பக்கம் ரேக்ளா பந்தயம் பார்த்திருப்பீர்கள். அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தை அளந்து வைத்து, ஒவ்வொரு வண்டியாக ஓட விட்டு, நேரம் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். தென்மாவட்டங்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து மைல் கணக்கில் சாலையில் ஓட்டுகிறார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. 2017இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்னது. தடையை நீக்கியதோடு விதிகளும் வந்தன என்பதை மனத்தில் வையுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

இயந்திர வண்டிக்கு இந்த ஓட்டம் வந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். ராணுவத்தில் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்ட இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, இஞ்சினைத் தட்டி முடுக்கி, வற்றிப்போன ஏரிப் படுகைகளிலும் ஊர்த் தெருக்களிலும் ஓட்டினார்கள். தெருவில் விபத்துகள் நடந்தன. போலீஸ் துரத்தியது. பத்திரிகைகள் இந்தப் பையன்களை ரவுடிகளைப் போல எழுதின. பெற்றோர் சாவியைப் பூட்டி வைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பூட்டித்தான் இருப்பார்கள்!

1950இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா என்ற ஊரில் சி.ஜே. ஹார்ட் என்பவரும் நண்பர்களும் ஒரு காரியம் செய்தார்கள். அங்கிருந்த சிறு விமான நிலையத்தின் உபயோகமில்லாத ஓடுபாதையை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்குக் கேட்டு வாங்கினார்கள். நுழைவுக் கட்டணம் அரை டாலர். பார்க்க வந்தாலும் அதுதான், ஓட்ட வந்தாலும் அதுதான். வேகத்தை அளக்கக் கருவி வைத்தார்கள். தெருவில் திருட்டுத்தனமாக ஓட்டியவன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். டிராக் ரேஸ் ஒரு தொழிலாக மாறியது அங்கேதான் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1951இல், வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக ஆள் அனுப்பி, பந்தயத்தைப் பாதுகாப்பாக எப்படி நடத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். 1955இல் முதல் தேசியப் போட்டி கேன்சஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில் நடந்தது. அதுவும் போர்க்காலத்து விமானத் தளம்தான். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மிச்சப் போட்டியை நவம்பரில் அரிசோனாவில் போய் முடித்தார்கள்.

சரி, பணம் எப்போது வந்தது? ஆரம்பத்தில் ஜெயித்தவனுக்குக் கிடைத்தது ஒரு கோப்பைதான். டயர் தேயும், இஞ்சின் வெடிக்கும், எல்லாம் அவன் கைச்செலவு. டிக்கெட் வசூல் திடல் நடத்துகிறவருக்கு. இந்தக் கணக்கை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டான் கார்லிட்ஸ். 1932இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். தன் வண்டியைத் தானே கட்டி, அதற்கு 'சதுப்பு எலி' என்று பெயர் வைத்தார். 1957இல் அவர் மணிக்கு 176 மைல் வேகம் போனார் என்ற செய்தி வந்தபோது கலிஃபோர்னியாக்காரர்கள் நம்பவில்லை. கடிகாரம் தப்பு என்றார்கள்.

அதே 1957இல் பார்க்ஸின் சங்கம் நைட்ரோமீத்தேன் எரிபொருளைத் தடை செய்தது. ஆபத்து அதிகம், செலவும் அதிகம் என்பது அவர்கள் வாதம். ஆனால் கூட்டம் பார்க்க வந்ததே அந்த எரிபொருளின் தீயையும் சத்தத்தையும்தான். சங்கத்துக்கு வெளியே இருந்த திடல்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். கார்லிட்ஸ் போன்றவர்களுக்கு, ஜெயித்தாலும் தோற்றாலும், வந்து ஓட்டுவதற்கே இவ்வளவு என்று பணம் பேசினார்கள். கச்சேரிக்கு வித்வானை ஏற்பாடு செய்வதைப் போல. அப்படித்தான் இதையே பிழைப்பாகக் கொண்ட ஓட்டுநர்கள் உருவானார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1963 வாக்கில், சங்கமும் தடையைத் தளர்த்தியது.

அந்தப் பணத்துக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1959இல் கார்லிட்ஸ் கடுமையான தீக்காயம் பட்டார். 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் அவர் வண்டியின் கியர்பெட்டி வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அதுவரை இஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது; வெடித்தால் அத்தனையும் அவர் மேல். படுக்கையில் கிடந்தபடியே அவர் யோசித்தார்: இஞ்சினைப் பின்னால் வைத்தால் என்ன? அடுத்த ஆண்டே அப்படி ஒரு வண்டியோடு வந்து பொமோனாவில் ஜெயித்தார். சில ஆண்டுகளில் அந்தப் பிரிவில் எல்லோருமே இஞ்சினைப் பின்னால் வைத்தார்கள். எத்தனை உயிர் அதனால் பிழைத்தது என்று யாரால் எண்ண முடியும்?

1972இல் கார்லிட்ஸ் இன்னொன்றும் செய்தார். சங்கம் தரும் பரிசுப் பணம் போதாது என்று ஓட்டுநர்களைச் சேர்த்துத் தனி அமைப்பு தொடங்கி, சங்கத்தின் பெரிய போட்டி நடந்த அதே வார இறுதியில் டல்சா நகரில் அதைவிடப் பெரிய பரிசோடு போட்டி நடத்திக் காட்டினார். உழைப்பவன் கூலி கேட்டால்தான் கிடைக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

என் மாணவிகளுக்கு ஒரு செய்தி. ஷெர்லி மல்டௌனி என்ற பெண், ஆண்கள் ஏளனம் செய்த இந்தப் போட்டியில் 1977, 1980, 1982 என மூன்று முறை மிக உயர்ந்த பிரிவின் சாம்பியன் ஆனார்.

இப்போது நம் பக்கம் வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போருக்காக ஆங்கிலேயர் போட்ட விமான ஓடுபாதை போர் முடிந்தபின் சும்மா கிடந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அந்த ஓடுபாதைதான் பல ஆண்டுகள் நம் நாட்டின் முக்கியமான பந்தயத் திடல். நடந்தது பெரும்பாலும் சுற்றுப் பந்தயம். டிராக் ரேஸ் அல்ல. ஆனால் கதை ஒன்றுதான்: யுத்தம் விட்டுப்போன தார்த்தரை, வேகப் பைத்தியம் பிடித்த இளைஞர்கள், வேலிக்கு வெளியே ஆயிரக்கணக்கில் ஜனம். மகாராஜாக்களும் ஓட்டினார்கள், பட்டறைக்காரர்களும் ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் குறைந்த செலவில் 'ஃபார்முலா மாருதி' வண்டியை உருவாக்கி, பணக்காரரின் விளையாட்டை மற்றவர்களுக்கும் கொஞ்சம் எட்டவைத்தார். 1990 வாக்கில் கிளப் தன் சொந்தத் திடலை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைத்துக்கொண்டது. இன்று மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸும் அங்கே நடக்கிறது. நம் வில்லியனூரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம்.

இனி நான் சொல்லத் தயங்கிய விஷயம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். அவன் அம்மா இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். கணக்கில் சுமார்தான், ஆனால் பள்ளிக்கூடத்து மின்விசிறி நின்றால் மேசைமேல் ஏறிச் சரிசெய்வது அவன்தான். படிப்பை முடித்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு ராத்திரி, நாலுவழிச் சாலையில் நண்பர்களோடு பெட்டு கட்டி பைக் ஓட்டினான். எதிர்த்திசையில் விளக்கில்லாமல் ஒரு கரும்பு டிராக்டர். பெட்டுத் தொகை ஐந்நூறு ரூபாய் என்று பிறகு தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "சார், எங்கனா ஓட்றதுக்கு இடம் இருக்கா சார்?" என்று கேட்டான். "ஒழுங்கா வேலையைப் பாருடா" என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டை அப்போதும் இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டு, பதிலும் சொன்னவர் 1950இல் அந்தச் சாண்டா ஆனாக்காரர். வேகம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேகத்துக்கு ஒரு இடம் கொடுத்தார். பரிசுப் பணம் வந்ததும் தகராறுகளோடு விதிகளும் வந்தன: தலைக்கவசம், வண்டிப் பரிசோதனை, ஆம்புலன்ஸ், எதிரே யாரும் வராத பாதை. அப்படியும் உயிர்கள் போயின. 2008 ஜூனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் பந்தயத்தில் இறந்தார். உடனே சங்கம் மிக வேகமான பிரிவுகளுக்குத் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தது. நிற்க இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதற்காக. மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டுகிறவர்களே தூரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் ஓட்டும் நாலுவழிச் சாலையில் முடிவுக்கோடு எங்கே இருக்கிறது?

போன வாரம் மருமகனோடு உட்கார்ந்து இதையெல்லாம் பேசினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில், "நீங்களும் கூட வர்றதா இருந்தா பார்க்கலாம் மாமா" என்றார். ஆகவே அடுத்த போட்டிக்கு நாங்கள் மூவரும் பார்வையாளர்களாகப் போகிறோம். பார்த்துவிட்டு, முறையாகப் பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி ஓட்டுவதானால் சரி என்பது ஒப்பந்தம். சாலையில் ஒரு தடவை பந்தயம் ஓட்டியது தெரிந்தாலும் சாவி மறுபடி பீரோவுக்குப் போகும். பேரன் என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

பாகூர், வில்லியனூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் வேலை செய்யும் பையன் "எங்கண்ணா ஓட்டறது?" என்று கேட்டால் திட்டி அனுப்பாதீர்கள். இடத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்