கால் தரையைத் தொட்டால் போதுமா?

ஷோரூமில் பைக் பார்க்கப் போகிறவர் முதலில் செய்வது ஒன்றுதான். ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்ப்பார். பாதம் முழுதாகப் பதிந்தால் நிம்மதி. நுனிவிரல்தான் எட்டுகிறது என்றால் அடுத்த வண்டிக்கு நகர்வார். ஆறடியும் அதற்கு மேலும் வளர்ந்தவருக்கு இந்தச் சோதனையில் அநேகமாக எந்த வண்டியும் தோற்காது. அவருடைய கஷ்டம் சாலைக்கு வந்த பிறகுதான் தெரியும். சென்னையில் கிளம்பி மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் முழங்கால் கடுக்கத் தொடங்கும். முட்டி டேங்க்கைத் தாண்டி மேலே நிற்கும். யூ டர்ன் அடிக்கும்போது ஹாண்டில்பார் வந்து அதில் இடிக்கும். குனிந்தே பிடிக்க வேண்டியிருப்பதால் முதுகும் கழுத்தும் தனியாக வலிக்கும்.

உயரமானவரின் உடம்புக்கு வேண்டிய கணக்கு வேறு. சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு கீழே இருக்கிறது, முன்னே தள்ளியிருக்கிறதா பின்னே தள்ளியிருக்கிறதா, ஹாண்டில்பார் எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது: இந்த மூன்று இடங்களும் சேர்ந்து போடும் முக்கோணம்தான் சுகத்தையும் வலியையும் தீர்மானிக்கிறது. சீட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம் சிக்னலில் நிற்கும் நேரத்துக்கும் வண்டியைத் தள்ளி நிறுத்தும் நேரத்துக்கும் தேவை, அவ்வளவே. ஆனாலும் விலைப்பட்டியலில் அச்சாகி வருவது ‘சீட் உயரம்’ என்ற அந்த ஓர் அளவுதான். அதற்குக் காரணம் தேடினால் மோட்டார் சைக்கிளின் பிறப்பு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

1885இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் கட்டிய முதல் வண்டியின் சட்டம் மரத்தால் ஆனது. அதை அந்த நவம்பரில் டைம்லரின் மகன் பால், கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டுர்க்ஹைம் வரை ஓட்டிப் போனார். எஞ்சினுக்கு நேர் மேலே சீட். ஓட்டுபவர் எப்படி உட்கார வேண்டும் என்பது அன்று யாருடைய கவலையாகவும் இல்லை. வண்டி நகர்ந்ததே பெரிய விஷயம்.

அடுத்து வந்தவர்கள் சைக்கிளை எடுத்து அதில் எஞ்சினைப் பூட்டினார்கள். சைக்கிளில் உயரத்துக்கு ஏற்ற வைத்தியம் ஏற்கெனவே இருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு குழாய், அதை இறுக்க ஒரு நட்டு. ஸ்பேனரால் தளர்த்திக் குழாயை மேலே இழுத்தால் முடிந்தது வேலை. மேட்டில் எஞ்சின் திணறும்போது பெடல் மிதித்து உதவ வேண்டியிருந்ததால், ஓட்டுபவரின் கால் நீளத்தை யாராலும் மறக்க முடியவில்லை. 1901இல் பாரிஸின் வெர்னர் சகோதரர்கள் எஞ்சினைச் சட்டத்தின் அடிப்பகுதியில், பெடல் அச்சு இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எடை கீழே இறங்கியது, வண்டி நிலையாக ஓடியது. உலகம் முழுக்க அந்த அமைப்பைப் பின்பற்றியது. போகப் போக எஞ்சினுக்குச் சக்தி கூடி, கிளட்சும் கியரும் வந்து, பெடல் காணாமல் போனது. பெடலோடு கால் நீளம் என்ற கணக்கும் போய்விட்டது. இனி கால் செய்ய வேண்டியது இரண்டே வேலை: ஓடும்போது ஒரு கம்பியின் மேல் இருப்பது, நிற்கும்போது தரையைத் தொடுவது. இரண்டாவதை அளப்பது எளிது. அதனால் அது நிலைத்தது.

நடுவில் ஒருவருக்கு மட்டும் முழுக் கணக்கும் புரிந்திருந்தது. இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்ற ஊரில் பிலிப் வின்சென்ட், ஆஸ்திரேலியப் பொறியாளர் பில் இர்விங்கோடு சேர்ந்து செய்த வின்சென்ட் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள். 1948இல் அமெரிக்காவின் பானவில் உப்புத் தரையில் ரோலி ஃப்ரீ நீச்சல் உடையோடு ஒரு வின்சென்ட் மேல் குப்புறப் படுத்து மணிக்கு 150 மைலைத் தாண்டிய படம் இன்றும் சுவரொட்டியாக விற்கிறது. அந்த வண்டிகளின் பெரிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. போருக்குப் பின் 1946இல் வந்த ராப்பிட் பி சீரிஸில் ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் ஆகியவற்றை ஓட்டுபவரின் காலுக்கு ஏற்ப மாற்றி வைத்துக்கொள்ளலாம். சீட்டும் அன்றைய வழக்கப்படி ஸ்பிரிங் வைத்த ஒற்றைச் சீட்டாக இல்லாமல் இருவர் உட்காரும் நீளச் சீட்டாக இருந்தது. ஒற்றைச் சீட்டு ஒருவரை ஒரே இடத்தில் அமர்த்திவிடும். நீளச் சீட்டில் நெட்டையானவர் பின்னே நகர்ந்து உட்காரலாம். ஐந்தடி நான்கு அங்குலக்காரரும் ஆறடி மூன்று அங்குலக்காரரும் ஒரே வண்டியைத் தத்தம் வண்டியாக ஆக்கிக்கொள்ள முடிந்தது. எழுபது, எண்பது வருடங்களுக்கு முன் இது சாத்தியமாக இருந்தது என்பதை இன்றைய தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் மேசையில் எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

அந்த வண்டியின் விலை அதிகம், கம்பெனி சிறியது. 1955 டிசம்பரில் வின்சென்ட் உற்பத்தி நின்றது.

பிறர் இந்த வழியில் வரவில்லை. நார்ட்டன் கம்பெனிக்காக பெல்ஃபாஸ்டின் மெக்காண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950இல் வந்த ‘ஃபெதர்பெட்’ சட்டம், சாலைப் பிடிப்பில் அன்று நிகரற்றது. ஆனால் அதன் மேல் குழாய்கள் அகலமானவை. ஓட்டுபவரின் தொடைகள் விரிந்தே இருக்க வேண்டியிருந்தது. 1960இல் அந்தக் குழாய்களை உள்ளே வளைத்துக் குறுக்கி ‘ஸ்லிம்லைன்’ என்று வெளியிட்டார்கள். முழங்காலுக்காக ஒரு பந்தயப் புகழ் பெற்ற சட்டத்தையே திருத்தினார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

வின்சென்ட் உற்பத்தி நின்ற அதே 1955இல்தான் சென்னையில் இன்னொரு கதை தொடங்கியது. இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் 350 சிசி புல்லட் வண்டிகள் 800 வாங்கியிருந்தது. அந்தத் தேவையை நம்பி மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தது. திருவொற்றியூரில் முதலில் பாகங்களைப் பூட்டினார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து வந்த புல்லட் நம் ஊர் நெட்டையர்களின் வண்டியானது. அவர்களை நினைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை. 1940களின் பிரிட்டிஷ் வடிவம் பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறாமல் நின்றதால் கிடைத்த லாபம் அது. முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம். நிமிர்ந்து உட்கார வைக்கும் ஹாண்டில்பார். டேங்க்கின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: முழங்கால் வந்து அணைய வேண்டிய இடம் அது என்று வண்டியே சொல்கிறது. ஆறடிக்காரர் உட்கார்ந்தால் அவர் முட்டி ஏறத்தாழ அந்தப் பட்டையில் வந்து நிற்கும். போலீஸ்காரர்களும் ராணுவத்தாரும் பஞ்சாபின் வாட்டசாட்டமான விவசாயிகளும் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு எஞ்சின் சத்தம் மட்டும் காரணம் இல்லை.

1980களின் நடுவில் காட்சி மாறியது. 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸூகி ஏஎக்ஸ்100, அடுத்த வருடம் ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100, பிறகு கவாஸாகி பஜாஜ் கேபி100. மைலேஜும் விலையும் எடைக் குறைவும் நடுத்தரக் குடும்பத்தை ஸ்கூட்டரிலிருந்து பைக்குக்குக் கொண்டுவந்தன. அது பெரிய நன்மைதான், மறுக்க முடியாது. எல்லாமே ஜப்பானிய வடிவம். சிறிய சட்டம், குட்டையான டேங்க். அதில் கணவன், மனைவி, குழந்தை என மூவர் ஏறியபோது ஓட்டுபவர் டேங்க்கோடு ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. நீளச் சீட்டு இருந்தும் நெட்டையானவர் பின்னே நகர இடமில்லை. 1996இல் பிறந்த ஆண்களின் சராசரி உயரம் இந்தியாவில் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர், நெதர்லாந்தில் 182.5 என்று உலக நாடுகளை ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு சொன்னது. சந்தை சராசரிக்குத்தான் வண்டி செய்யும். சராசரிக்கு மேலே 15, 20 சென்டிமீட்டர் வளர்ந்தவர் கணக்கில் வரமாட்டார்.

உலகத்தின் நெட்டையர்களுக்கு விடிவு வந்த வழி எதிர்பாராதது. 1980இல் பிஎம்டபிள்யூ, ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டது. மண் பாதையிலும் தார்ச்சாலையிலும் ஓட வேண்டும் என்பது நோக்கம். பள்ளம் மேடுகளைத் தாங்க சஸ்பென்ஷன் நீளமாக இருக்க வேண்டும்; எஞ்சின் தரையில் இடிக்காமல் உயர நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சீட்டை 860 மில்லிமீட்டருக்குத் தூக்கின. ஹாண்டில்பார், நின்றுகொண்டே ஓட்டவும் தோதாக, அகலமாக உயரமாக அமைந்தது. இப்படி மண் சாலைக்காகச் செய்த ஒவ்வொரு முடிவும், நீண்ட கால்களுக்கும் நீண்ட முதுகுக்கும் வரமாகிப் போனது. 1981 பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஹூபர்ட் ஓரியோல் அந்த வகை வண்டியில் ஜெயித்தார். 1984, 85இல் ஜெயித்த பெல்ஜியத்தின் கஸ்டோன் ராஹியே மிகவும் குள்ளமானவர். அந்த ராட்சத பிஎம்டபிள்யூவில் இரண்டு காலையும் ஒருசேரத் தரையில் ஊன்ற அவரால் முடியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தை அதிலேயே கடந்து முதலாவதாக வந்தார். ஷோரூம் சோதனைக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

1990களில் பிஎம்டபிள்யூ தன் ஆர்1100 வரிசையில் சீட் உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. வின்சென்ட் காட்டிய வழிக்கு ஒரு பெரிய கம்பெனி பாதியாவது திரும்பியது. பந்தய உலகமும் மெதுவாகக் கண் திறந்தது. 1.85 மீட்டர் உயரமுள்ள ஸ்காட் ரெடிங் போன்றவர்கள் எடை குறைந்த சிறிய உடம்புக்காரர்களோடு மோட்டோ2 வகுப்பில் போட்டியிட்டுத் திணறிய பிறகு, 2013இல் வண்டியும் வீரரும் சேர்ந்து குறைந்தது 215 கிலோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வருடம் ரெடிங் இரண்டாமிடம் பிடித்தார்.

மண் சாலைக்கும் ஏற்ற உயர வண்டிகளின் அலை இந்தியாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2011இல் ஹீரோ இம்பல்ஸ் வந்து, போதிய விற்பனை இல்லாமல் போனது. 2016இல் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் வந்தபோது நெட்டையர்கள் ஆவலோடு ஓடினார்கள். சீட் உயரம் 800 மில்லிமீட்டர், நிமிர்ந்த இருக்கை, எல்லாம் சரி. ஆனால் டேங்க்கின் முன்புறம் பக்கவாட்டில், சாமான் கட்டுவதற்காக வைத்த இரும்புக் கம்பிச் சட்டம், உயரமானவர்களின் முட்டியில் சரியாக வந்து இடித்தது. சிலர் அதைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். 2021இல் கம்பெனி அந்தச் சட்டத்தைச் சுருக்கியது. 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450இல் சீட்டை 825, 845 என இரண்டு உயரங்களில் வைத்துக்கொள்ளலாம். கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு இது சாட்சி.

கேட்டுக் கிடைக்காதவர்கள் சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குத்தான் போகிறார்கள். அங்கே சீட் வேலை செய்கிறவரிடம் அளவு நாடா கிடையாது. வாடிக்கையாளரை வண்டியில் உட்கார வைத்துப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுதான் அளவு. அடியிலுள்ள பின்களை நெம்பி ரெக்சினை உரிப்பார். எலும்பு அழுத்தும் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, அந்த அளவுக்கு ஃபோமை வெட்டி எடுத்து, கெட்டியான ஃபோமைப் பசை தடவிப் பதிப்பார். உயரம் வேண்டுமென்றால் மேலே இன்னும் ஓரிரு அங்குலம் ஏறும். கத்தியால் ஓரங்களைச் செதுக்கி, மறுபடி உட்காரச் சொல்லி, மறுபடி செதுக்கி, பிறகுதான் ரெக்சினை இழுத்து அடிப்பார். சீட் உயர்ந்தால் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் அதற்கும் இடைவெளி கூடும், முட்டி விரியும். கூடவே ஹாண்டில்பாரை உயர்த்தும் ரைசரும் போட வேண்டிவரும். இல்லையென்றால் காலுக்குக் கிடைத்த சுகத்தை முதுகு இழந்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 185 சென்டிமீட்டர் உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கலாம், மற்றவருக்கு இடுப்புக்கு மேல் நீளமாக இருக்கலாம். முதல்வருக்குச் சீட்டை உயர்த்துவது மருந்து, இரண்டாமவருக்கு ஹாண்டில்பாரை. நண்பர் செய்தார் என்று தானும் செய்து பணத்தை வீணாக்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. லெக் கார்டில் கம்பி பொருத்தி அதன் மேல் காலை நீட்டிக்கொண்டு போகும் வழக்கமும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்தால் கால் பிரேக்குக்குத் திரும்புவதற்குள் காரியம் கெட்டுவிடும். அதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

ஓட்டுபவர்களே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் சொல்லிவிட்டது. ஆகவே பொறுப்பு தயாரிப்பாளரிடம்தான் போய் நிற்கிறது. உலகிலேயே அதிகமாக இருசக்கர வாகனம் செய்யும் நாடுகளில் ஒன்று இது. ஓசூரிலும் ஒரகடத்திலும் நாள் முழுக்க வண்டிகள் இறங்குகின்றன. இரண்டு மூன்று துளைகள் கொண்ட ஒரு ஃபுட்ரெஸ்ட் பிடி, உயரம் மாற்றக்கூடிய ஒரு சீட், விலைப்பட்டியலில் ‘சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை’ என்று கூடுதலாக ஒரு வரி: கேட்பது இவ்வளவுதான். அதுவரை வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். ஷோரூமில் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்த பிறகு, ஃபுட்ரெஸ்டில் தூக்கி வையுங்கள். ஹாண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி முட்டி தட்டுகிறதா என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவை ஒரு தெருவோடு முடிக்காமல் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.