உத்திரமேரூர்க் கல்வெட்டும் சிபில் ரிப்போர்ட்டும்

போன வருஷம் என் பெரியப்பா வங்கிக்குக் கடன் கேட்கப் போனார். காஞ்சிபுரத்தில் முப்பது வருஷமாகத் தறி நெய்கிறவர். முகூர்த்த சீசனுக்கு முன்னால் பட்டும் ஜரிகையும் சொந்தமாக வாங்கிப் போட வேண்டும் என்று ஆசை. "பி.காம் படிக்கிறியே, நீயும் வாடா" என்று என்னையும் கூட்டிப் போனார்.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு வண்டிக் கடன் பாக்கி இருக்கே" என்றார். அந்தக் கடனை அடைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது! ரசீது வீட்டில் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் கணக்கு முடிந்த விவரத்தைத் தெரிவிக்கவே இல்லை.

வெளியே வந்ததும் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். "நான் கட்டின கடனைக் கட்டலைன்னு எழுதினது யாரு? என்கிட்ட ஏன் காட்டலை?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. கணக்கு சரியில்லாதவர் யார் என்று குறித்து வைக்கும் பழக்கம் நம் ஊர்ப் பக்கம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது.

கல்லிலும் செம்பிலும்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அதில் ஒரு விதியை நாம் கவனிப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்ல, சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மருமகன் என்று உறவினர் பட்டியலும் நீள்கிறது. ஒருவர் கணக்கு கெட்டால் குடும்பமே வெளியே!

இது கடன் அறிக்கை அல்ல, பொதுப்பணக் கணக்கு. ஆனால் "பழைய கணக்கைப் பார்த்துத்தான் புதிய பொறுப்பு" என்ற எண்ணம் ஒன்றுதான். விதி கோயில் சுவரில் இருந்தது. யாரை எதற்காக விலக்குவார்கள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

அதே நூற்றாண்டின் கடைசியில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று காஞ்சிபுரத்தைப் பற்றியே பேசுகிறது. ஊரகம் பெருமாள் கோயிலுக்கு உரிய பொன்னை நகரத்துச் சேரிகளிடம் கொடுத்து வைத்தார்கள். அதில் வரும் வட்டியில் கோயில் காரியம் நடக்கும். பட்டசாலியர் என்ற நெசவாளர்களும் இந்த ஏற்பாட்டில் வருகிறார்கள். ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க நகரத்தாருக்குப் பொறுப்பு இருந்தது. ஆக, கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஏற்பாடு அன்றே இருந்தது.

முதலாளி நோட்டு

பிற்காலத்தில் கணக்கு முதலாளியின் நோட்டுக்குள் போய்விட்டது. பாவும் ஊடையும் முதலாளி தருவார், கூடவே அட்வான்ஸும் தருவார். அந்த அட்வான்ஸ் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது நோட்டில்தான் இருக்கும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. தன் கணக்கைத் தானே பார்க்க முடியாதவன் நிலைமை இதுதான்.

நியூயார்க் பட்டு வியாபாரி

இன்றைய கடன் அறிக்கையின் வேரைத் தேடிப் போனால் அங்கேயும் பட்டுதான் வருகிறது! நியூயார்க்கில் ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் சகோதரர்கள் பட்டு வியாபாரம் செய்தார்கள். கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள், 1837 பொருளாதார நெருக்கடியில் நொடித்துப் போனார்கள். யாரை நம்பிக் கடன் தருவது என்ற பாடத்தைக் கற்ற லூயிஸ் டாப்பன், 1841இல் மெர்க்கன்டைல் ஏஜென்சியை ஆரம்பித்தார். ஊர் ஊராக ஆள் வைத்து வியாபாரிகளைப் பற்றித் தகவல் திரட்டினார். (வழக்கறிஞராக இருந்தபோது ஆபிரகாம் லிங்கனும் தகவல் அனுப்பியிருக்கிறார்!) சந்தா கட்டியவருக்குத்தான் அந்தத் தகவல் கிடைக்கும். எழுதப்பட்டவருக்குக் காட்ட மாட்டார்கள். தனிநபர் தன் அறிக்கையைப் பார்த்துத் திருத்தக் கேட்கும் உரிமை அமெரிக்காவில் 1970இல்தான் சட்டமானது.

இந்தியாவில் சிபில் 2000இல் தொடங்கியது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்து, நம் அறிக்கையைக் கேட்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் உரிமை தந்தது. 2017 ஜனவரி முதல் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் தர வேண்டும். புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023இல் அறிவித்தது, 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

பெரியப்பா கதையின் முடிவு

ரசீதை ஸ்கேன் செய்து புகார் போட்டோம். ஒரு மாதத்துக்குள் "கணக்கு முடிந்தது" என்று மாறியது. ஆனால் அதற்குள் பட்டு வாங்கும் நேரம் போய்விட்டது. அந்த சீசனும் கூலிக்குத்தான் நெய்தார். முன்னாடியே ஒருமுறை பார்த்திருந்தால் சொந்தச் சேலை விற்றிருப்பார்.

"பார்த்தா ஸ்கோர் குறையுமாமே?" என்று பலர் பயப்படுகிறார்கள். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. முடிந்த கடன் முடிந்ததாக இருக்கிறதா, நாம் வாங்காத கடன் ஏதாவது நம் பெயரில் இருக்கிறதா, பெயரும் பான் எண்ணும் சரியா என்று பார்த்தால் போதும். கடைசித் தவணை கட்டியதும் முடிவுச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

ஆயிரம் வருஷமாக நம் கணக்கை யாரோ எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துத் திருத்தச் சொல்லும் உரிமை நமக்குச் சட்டமாகி இருபது வருஷம்தான் ஆகிறது. ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் தறிக்கும் கணக்கு நோட்டுக்கும் பொட்டு வைப்போம். இந்த வருஷம் முதல் அன்றைக்கே எல்லோர் அறிக்கையையும் எடுத்துப் பார்ப்பது என்று பெரியப்பா முடிவு செய்திருக்கிறார். நீங்களும் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்களேன்!